உறுமாதே என்று அடக்கினோம், இப்போது உறுமாமலேயே கடிக்கிறது

கேள்வி: வாலுவின்அம்மா

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சுருக்கமாகக் கேட்டால் "பயிற்சியாளரிடம் காட்டுங்கள்" என்று ஒரு வரியில் பதில் வந்துவிடுகிறது.

எங்கள் நாய்க்கு வயது ஐந்தரை மாதம். ஆண், கலப்பினம், பெயர் வாலு. பெயரை வைத்தது என் எட்டு வயது மகள். வைத்த நேரம், அப்படியே பலித்துவிட்டது. ஆறு வாரக் குட்டியாக இருந்தபோதே தாயிடமிருந்து பிரித்து எங்களிடம் கொடுத்துவிட்டார்கள். அது சீக்கிரம் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது.

சாயங்காலம் ஆறரை ஆனால் வாலுவுக்குப் பேய் பிடித்துவிடும். கணுக்கால், சட்டைக் கை, பாவாடை நுனி, எது ஆடினாலும் கவ்வும். மகள் கத்திக்கொண்டு ஓடுவாள், அது துரத்தும், அவள் இன்னும் கத்துவாள். ஊசி மாதிரிப் பல். அவள் இரண்டு கால்களிலும் கோடு கோடாகக் கீறல்.

அதையாவது குட்டிச் சேட்டை என்று விட்டுவிடலாம். இன்னொன்றுதான் எங்களைத் தூங்கவிடவில்லை. வாலு காலுறை திருடும். எடுத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விடும். வாயிலிருந்து பிடுங்கப் போனால் முதலில் உறுமிக்கொண்டிருந்தது. "இப்போதே அடக்காவிட்டால் பிற்பாடு தலைக்குமேல் ஏறிவிடும்" என்று என் வீட்டுக்காரர் செய்தித்தாளைச் சுருட்டி மூக்கில் ஒரு தட்டுத் தட்டுவார். பத்துப் பதினைந்து நாளில் உறுமுவது நின்றுவிட்டது. நாங்களும் ஜெயித்துவிட்டதாகப் பெருமையாகப் பேசிக்கொண்டோம்.

போன ஞாயிறு என் மாமியார் கட்டிலுக்கு அடியில் குனிந்து காலுறையை எடுக்கக் கை நீட்டினார். சத்தமே இல்லை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரே கடி, இரண்டு துளை. மருத்துவரிடம் போய் ஊசி போட்டாயிற்று. காயம் ஆறிக்கொண்டிருக்கிறது. ஆனால் மாமியார் "இது இந்த வீட்டில் இருந்தால் நான் இருக்க மாட்டேன்" என்கிறார். மகள் சாப்பிடாமல் அழுகிறாள். இவர் நாயைப் பார்ப்பதே இல்லை.

பெரிதானால் தானாகச் சரியாகிவிடுமா? நாங்கள்தான் கெடுத்துவிட்டோமா? நாளைக் காலையிலிருந்து முதலில் எதைச் செய்ய வேண்டும்?

பதில்: நேர்வழி

செய்தித்தாளெல்லாம் சின்னப் பிள்ளை விளையாட்டு. மல்லாக்கப் புரட்டிப் போட்டு, கழுத்தைப் பிடித்து அமுக்கி, அது அடங்கும்வரை விடாதீர்கள். ஓநாய்க் கூட்டத்தில் தலைவன் அப்படித்தான் செய்யும். வீட்டில் யார் தலைவன் என்று ஒருமுறை தெரிந்துவிட்டால் அப்புறம் கடிக்காது.

பதில்: கட்டைவிரல்தழும்பு

தங்கச்சி, தயவுசெய்து மேலே சொன்னதைச் செய்துவிடாதீர்கள். உங்கள் முகம் அதன் வாய்க்கு நேராக இருக்கும்போது, பயந்துபோன ஒரு நாயை மல்லாக்க அமுக்குவதைவிட ஆபத்தான காரியம் வேறு இல்லை.

நான் தொழில்முறைப் பயிற்சியாளன் இல்லை. 22 ஆண்டுகளில் மூன்று நாய் வளர்த்தவன், அவ்வளவுதான். பெயரில் இருக்கும் தழும்பு உண்மையானது. இடது கட்டைவிரல், நகத்துக்குக் கீழே. போட்டது என் இரண்டாவது நாய் மணி. உங்கள் கதையை வரி மாறாமல் எங்கள் வீட்டில் நடத்தியிருக்கிறோம். காலுறைக்குப் பதில் எங்களுக்குச் செருப்பு. அதுவும் உறுமியது, நாங்களும் அடித்தோம், அதுவும் உறுமுவதை நிறுத்தியது, நாங்களும் ஜெயித்தோம். பிறகு ஒருநாள் என் விரல்.

முதலில் அந்தத் தலைவன் கதையை முடித்துவிடுகிறேன். 1947இல் ருடால்ஃப் ஷெங்கல் என்ற ஆய்வாளர் உயிரியல் பூங்காவில் அடைபட்டிருந்த ஓநாய்களைக் கவனித்து எழுதியதிலிருந்து கிளம்பியது அது. ஒன்றாக அடைத்துப் போட்டால் சண்டை வரத்தானே செய்யும்? 1970இல் டேவிட் மெக் ஓநாய்களைப் பற்றி எழுதிய நூல் இந்தக் கருத்தை உலகமெங்கும் பரப்பியது. ஆனால் அதே மெக், பின்னாளில் அடைபடாமல் திரியும் ஓநாய்களுடன் பல கோடைகாலங்களைக் கழித்துவிட்டு, 1999இல் அதைத் திருத்தி எழுதினார். காட்டு ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் அப்பா, அம்மா, பிள்ளைகள், அவ்வளவுதான். பழைய நூலை இனி அச்சடிக்க வேண்டாம் என்று பதிப்பகத்திடம் கேட்டவரும் அவரே. எழுதியவரே விட்டுவிட்டார், நாம் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

அடிப்பது பற்றியும் ஒரு கணக்கு இருக்கிறது. 2009இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள், நடத்தைச் சிக்கலுக்காக நாயைக் கொண்டுவந்த 140 பேரிடம் வீட்டில் என்னென்ன செய்து பார்த்தார்கள் என்று விசாரித்தார்கள். அடித்தோ உதைத்தோ பார்த்தவர்களில் 43 விழுக்காட்டினரிடம் நாய் பதிலுக்குச் சீறியிருக்கிறது. மல்லாக்கப் புரட்டியவர்களிடம் 31. வாயிலிருக்கும் பொருளை வலுக்கட்டாயமாகப் பிடுங்கியவர்களிடம் 39. காலுறை விஷயத்துக்கு அந்தக் கடைசி எண்தான்.

சரி, வாலுவுக்கு வருவோம். நீங்கள் இரண்டு கடிகளை ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருக்கிறீர்கள். சாயங்காலக் கடி வேறு, கட்டிலடிக் கடி வேறு. முன்னது விளையாட்டும் பல் நமைச்சலும் தூக்கக் கலக்கமும். பின்னது பயம். ஒன்றுக்கு எழுதிய மருந்தை இன்னொன்றுக்குக் கொடுத்தால் வேலை செய்யாது.

பயத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன், அவசரம் அதில்தான்.

கொதிக்கிற பாத்திரத்தின் மூடி தடதடக்கிறது. சத்தம் பிடிக்கவில்லை என்று மூடியை அமுக்கிப் பிடித்தால் உள்ளே கொதிப்பது நிற்குமா? உறுமல் அந்த மூடிச் சத்தம். "எனக்குப் பயமாக இருக்கிறது, கிட்டே வராதே" என்று நாய் தன் மொழியில் சொல்லிக்கொண்டிருந்தது. சொன்னபோதெல்லாம் மூக்கில் அடி விழுந்தது. சொல்லக் கூடாது என்று கற்றுக்கொண்டது. பயம் அப்படியே இருக்கிறது, கூடவே கையைக் கண்டாலும் பயம் சேர்ந்துவிட்டது. நீங்கள் ஒன்று எழுதவில்லை, நானாக ஊகிக்கிறேன்: தலையில் தடவக் கையை உயர்த்தினால் வாலு கண்ணைச் சுருக்கிப் பதுங்குகிறதா? மணி அப்படித்தான் செய்தது. எங்களுக்குப் பணிவு போலத் தெரிந்தது!

உறுமலுக்கு முன்னாலும் நிறைய பேச்சு உண்டு. பசியே இல்லாதபோது மூக்கை நக்கும். தூக்கம் வராத நேரத்தில் கொட்டாவி விடும். முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணை மட்டும் உங்கள் பக்கம் சாய்க்கும், அப்போது கண்ணின் வெள்ளை பிறைபோலத் தெரியும். பிறகு உடம்பு விறைக்கும். அந்த விறைப்பைக் கற்றுக்கொள்ளுங்கள். காலுறையை மென்றுகொண்டிருந்த வாய் சட்டென்று நின்று, மூச்சும் நின்றதுபோல் ஒரு நொடி இருக்கும். வாலாட்டினாலும் நம்பாதீர்கள். விறைத்த உடம்பில் வால் மட்டும் குறுகலாக ஆடுவது நட்பு இல்லை. மாமியார் குனிந்தபோது இதெல்லாம் நடந்திருக்கும், கட்டிலடி இருட்டில் யார் பார்த்தார்கள்?

நாளைக் காலை முதல் வேலை: காலுறைகளுக்கு மூடி போட்ட கூடை. சிரிக்காதீர்கள், பாதிப் பிரச்சினை அதிலேயே போய்விடும். திருட எதுவும் இல்லாத வீட்டில் திருடன் என்ன செய்வான்? அடுத்து, கட்டிலடிக்குள் எந்தக் காரணத்துக்காகவும் யாரும் கையை நீட்டக் கூடாது. அது குகை மாதிரி, தப்பிக்க வேறு வழியில்லாத இடம். ஏற்கனவே எடுத்துக்கொண்டு போய்விட்டதா, விழுங்கிவிடுமோ என்ற பயம் இருந்தால் மட்டும், சமையலறைப் பக்கம் போய் அதன் தீனி டப்பாவைக் குலுக்குங்கள். தானாக வெளியே வரும். வந்ததும் கொஞ்சம் கொடுத்து வேறு அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்திவிட்டு, அப்புறம் எடுங்கள்.

இனி, பண்டமாற்று. நான் மணிக்குச் சொல்லிக்கொடுத்த விதம் இது. அதற்கு அவ்வளவாகப் பிடிக்காத ஒரு பொம்மையைக் கொடுத்தேன். வாயில் வைத்திருக்கும்போது, இரண்டு அடி தள்ளி நின்று, நல்ல வாசனையுள்ள தீனித்துண்டு மூன்றைத் தரையில் போட்டேன். போடுவதற்கு அரை நொடி முன்னால் "விடு" என்றேன். வாய் திறந்தால்தானே தின்ன முடியும்? பொம்மை விழுந்தது. அது தின்றுகொண்டிருக்கும்போது பொம்மையை எடுத்தேன், தின்று முடித்ததும் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இந்தத் திருப்பிக் கொடுப்பதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். "மனிதன் வந்தால் பொருளும் மிஞ்சும், தின்பண்டமும் வரும்" என்று பத்துத் தடவை, இருபது தடவை அதற்கு அனுபவம் ஆக வேண்டும். ஒரு நாளைக்கு ஐந்து முறை, தலா ஒரு நிமிடம் போதும். மெதுவாகத்தான் பிடித்த பொருளுக்குப் போக வேண்டும். காலுறை எல்லாவற்றுக்கும் கடைசியில். மணிக்குச் செருப்புவரை வர ஒன்பது வாரம் ஆயிற்று. அது வயதான நாய், வாலு சீக்கிரம் வருவான்.

சாப்பாட்டுத் தட்டிலும் கையை விட்டுக் கிளறிப் "பழக்குகிற" வேலை வேண்டாம். நீங்கள் சாப்பிடும்போது யாராவது அப்படிச் செய்தால் எப்படியிருக்கும்? தள்ளி நின்று, போகிற போக்கில் தட்டில் இருப்பதைவிட நல்ல துண்டு ஒன்றைத் தட்டுக்குள் எறிந்துவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள். நிற்கவே வேண்டாம்.

கையின் மீதிருக்கும் பயத்துக்குத் தனியாக ஒரு வேலை. கழுத்துப்பட்டையை ஒரு விரலால் தொடுங்கள், உடனே தீனி. தொடு, தீனி. தலைக்கு மேலிருந்து கையைக் கொண்டுவராமல் மோவாய்ப் பக்கமாகக் கொண்டுபோங்கள். இதை உங்கள் வீட்டுக்காரர்தான் செய்ய வேண்டும். அடித்த கையே கொடுத்தால்தான் கணக்கு நேராகும்.

சாயங்காலச் சேட்டைக்கு வருகிறேன். நாய்க்குட்டிக்கு 28 பால்பற்கள். மூன்றரை, நாலு மாதத்தில் விழத் தொடங்கி, ஏழு மாத வாக்கில் 42 நிரந்தரப் பற்களும் வந்துவிடும். வாலு இப்போது நட்டநடுவில் இருக்கிறான், ஈறெல்லாம் நமநமக்கும். தடித்த துணியை நனைத்து முறுக்கி உறையவைத்துக் கொடுங்கள், பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளுங்கள். துணியைக் கிழித்து விழுங்குகிற ரகமாக இருந்தால் ரப்பர்ப் பொம்மை.

அதைவிடப் பெரிய சங்கதி தூக்கம். சின்னக் குட்டி ஒரு நாளில் 18 மணி நேரம், அதற்கு மேலும்கூடத் தூங்கும். ஐந்தரை மாதத்துக்குக் கொஞ்சம் குறையலாம். பள்ளிவிட்டுப் பிள்ளை வந்ததும் ஆட்டம், விருந்தினர், சமையல் வாசனை என்று மதியத்திலிருந்து கண்மூடாமல் இருந்திருக்கும். தூக்கம் வந்த கைக்குழந்தை சிணுங்கும், குட்டிநாய் கடிக்கும். ஐந்தேகாலுக்கு ஒரு சின்ன நடை, மோப்பம் பிடிக்கிற நடையாக, இழுத்துக்கொண்டு ஓடுகிற நடையாக வேண்டாம். பிறகு இருட்டான அமைதியான மூலையில் மெல்லுவதற்கு ஒன்று கொடுத்துப் படுக்கவையுங்கள். ஆறரைப் பேய் பாதி நாள் வராது.

அப்படியும் பல் பட்டால்? கையை வெடுக்கென்று இழுக்காதீர்கள், ஓடுகிற இரையாகிவிடுவீர்கள். கையைத் தளர விட்டு, மரம்போல நின்று, பேசாமல், பார்க்காமல், எழுந்து குறுக்குத் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய்விடுங்கள். இருபது, முப்பது விநாடி போதும். ஐந்து நிமிடம் போனால் அது எதற்காகப் போனீர்கள் என்பதையே மறந்துவிடும். திரும்பி வந்து பொம்மையைக் காட்டுங்கள், பொம்மையைக் கடித்தால் விளையாட்டுத் தொடரட்டும். "ஆ!" என்று குட்டி மாதிரிக் கத்தச் சொல்வார்கள். சில நாய்கள் அடங்கும். என் மூன்றாவது நாய்க்கு அது திருவிழா அறிவிப்பு மாதிரி, இன்னும் துள்ளும். உங்கள் மகள் கத்தும்போது என்ன நடக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

அவளுக்கு "மர விளையாட்டு" சொல்லிக்கொடுங்கள். நாய் பாய்ந்தால் கையை மடக்கி மார்போடு வைத்து, பாதத்தைப் பார்த்து நிற்க வேண்டும், மரம் ஓடாது, மரம் கத்தாது. ஆனால் அவள் எட்டு வயதுக் குழந்தை, அவள் நின்றுவிடுவாள் என்று நம்பி நீங்கள் சமைக்கப் போய்விடக் கூடாது. பெரியவர் கண் இல்லாதபோது இருவருக்கும் நடுவில் ஒரு தடுப்பு இருக்க வேண்டும்.

ஆறு வாரத்தில் பிரித்ததற்கு உங்களைத் திட்டிக்கொள்ள வேண்டாம், ஆனால் காரணம் அதில் கொஞ்சம் இருக்கிறது. கூடப் பிறந்த குட்டிகள் ஒன்றையொன்று கடித்து, வலித்ததும் விளையாட்டை விட்டுப் போய், "இவ்வளவு அழுத்தினால் ஆள் போய்விடும்" என்று பாடம் நடத்துகின்றன. எட்டு வாரம் வரையாவது அந்தப் பள்ளியில் இருந்திருக்க வேண்டும். பாதியில் நின்ற பாடத்தை இப்போது நீங்கள் நடத்துகிறீர்கள். அதனால் முதலில் அழுத்தமான கடிக்கு மட்டும் எழுந்து போங்கள். அது குறைந்ததும் மிதமானதற்கும். பிறகு பல் பட்டாலே. ஒரேயடியாக எல்லாவற்றையும் தடுத்தால் வாயின் பலத்தை அளக்க அது கற்காது.

நாலாவது, ஐந்தாவது நாளில் முன்பைவிட மோசமாகும். இதுவரை பலித்த வித்தை பலிக்கவில்லையே என்று இன்னும் பலமாக முயற்சி செய்யும். அந்த நாளில்தான் எல்லாரும் "இதெல்லாம் வேலைக்காகாது" என்று செய்தித்தாளை எடுப்பார்கள்.

பதில்: மேசைக்குஇந்தப்பக்கம்

கால்நடை மருத்துவமனையில் உதவியாளர் வேலை, ஒன்பது ஆண்டுகள். கடிக்க வரும் நாயைப் பிடித்துக்கொள்வது என் வேலை, அதனால் சிலது சொல்லலாம் என்று நினைக்கிறேன். தழும்பு அண்ணா எல்லாவற்றையும் சொல்லிவிட்டார், விட்டதை மட்டும் எழுதுகிறேன்.

பயிற்சி தொடங்குவதற்கு முன்னால் வாயைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். இந்த வயதில் நாங்கள் அடிக்கடி பார்ப்பது: பால் கோரைப்பல் விழாமல் இருக்க, பக்கத்திலேயே புதுக் கோரைப்பல் முளைத்து ஒரே இடத்தில் இரண்டு நிற்கும். சின்ன உருவ நாய்களில் அதிகம். சாப்பாடு இடுக்கில் மாட்டி ஈறு புண்ணாகும், பிடுங்கிவிட வேண்டியிருக்கும். காதையும் பார்க்கச் சொல்லுங்கள். "திடீரென்று கடிக்கிறது" என்று கொண்டுவருகிற நாய்களில், காதுக்குள் சீழ் வைத்து யாரையும் தலையைத் தொடவிடாதவை எத்தனையோ. வலிக்கிற நாய்க்குப் பண்டமாற்று சொல்லிக்கொடுத்துப் பிரயோசனமில்லை.

மெல்லக் கொடுக்கும் பொருளைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். நகம் கொஞ்சமாவது பதிய வேண்டும். மான்கொம்பு, வேகவைத்த எலும்பு இரண்டும் வேண்டாம். ஒன்று பல்லைப் பிளக்கும், இன்னொன்று தானே சில்லுசில்லாக உடைந்து குடலைக் குத்தும்.

மாமியாருக்கு ஊசி போட்டது நல்லது. இனி யாரையாவது கடித்தால் முதல் வேலை: குழாயைத் திறந்துவிட்டு, ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுப் 15 நிமிடம் கழுவுவது. கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள். நாமாகக் கழுவினால் இரண்டு நிமிடத்தில் போதும் என்று தோன்றிவிடும். பொடி, பசை எதையும் வைத்து அடைக்கக் கூடாது. கழுவியதும் மருத்துவரிடம். வீட்டு நாய்தானே, ஊசி போட்டிருக்கிறதே என்று நீங்களாக முடிவு செய்ய வேண்டாம். ரேபிஸ் அறிகுறி ஒருமுறை தொடங்கிவிட்டால் ஏறக்குறைய யாரையும் காப்பாற்ற முடியாது. அறிகுறிக்கு முன்னால் போட்டால் ஊசி காப்பாற்றும். அதுவும் கையில் விழும் கடி சீழ் பிடிக்கும் வாய்ப்பு அதிகம். துளை சிறிதாகத் தெரியும், ஆழம் வெளியே தெரியாது. வாலுவுக்கு மூன்று மாத வாக்கில் ரேபிஸ் ஊசி போட்டீர்களா? அடுத்தது ஓராண்டில், தேதியைக் குறித்துவையுங்கள்.

இயன் டன்பார் என்ற கால்நடை மருத்துவர் கடிகளை ஆறு படிகளாகப் பிரித்து ஓர் அளவு வைத்திருக்கிறார். பல்லே படாத பாய்ச்சல் முதல் படி, உயிர்ச்சேதம் ஆறாவது. ஒரே கடி, துளைகள் நாலுக்கு மிகாமல், எதுவும் கோரைப்பல்லின் பாதி நீளத்துக்கு மேல் இறங்காமல் இருந்தால் மூன்றாம் படி. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அதுவாகத்தான் இருக்கும். ஒதுக்கிவிட முடியாத கடி, ஆனால் திருத்த இன்னும் இடம் இருக்கிறது. கவ்வியதும் உடனே விட்டுவிட்டதா, பிடித்து உலுக்கியதா என்று மாமியாரிடம் கேளுங்கள். உலுக்கியிருந்தால் கதை வேறு, வெகுமதி கொடுத்துப் பழக்கும் பயிற்சியாளரையும் கால்நடை மருத்துவரையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

வாய்க்கூடு வாங்குவதாக இருந்தால் கூடை வடிவில் வாங்குங்கள். வாயை இறுக்கிக் கட்டும் துணி வகை வேண்டாம். நாய் வாயைத் திறந்து இளைத்துத்தான் உடம்புச் சூட்டைத் தணிக்கும். துணி வகை போட்டு நெடுநேரம் விட்டால் சூடேறி மயங்கிவிடக்கூடும். கூடைக்குள் மூக்கைத் தானாக நுழைக்கும்படி உள்ளே தீனி தடவிப் பத்துநாள் பழக்கிவிட்டு, பிறகு வாரைக் கட்டுங்கள். அவசரத்துக்கு மாட்டினால் அதுவும் ஒரு தண்டனையாகிவிடும்.

பதில்: நேர்வழி

என் அப்பா காலத்திலிருந்து அப்படித்தான் வளர்த்தோம், ஒரு நாயும் கடித்ததில்லை.

பதில்: கட்டைவிரல்தழும்பு

கடிக்காதவை இருந்திருக்கும், மறுக்கவில்லை. சில நாய்கள் எவ்வளவு அடித்தாலும் சுருண்டு படுத்துவிடும். வாலு அந்த ரகம் இல்லை என்பது மாமியார் கையிலேயே தெரிந்துவிட்டதே.

பதில்: வாலுவின்அம்மா

எல்லாருக்கும் நன்றி. அண்ணா, நீங்கள் சொன்னது சரி, கையைத் தூக்கினால் கண்ணைச் சுருக்குகிறது. இத்தனை நாள் "என்னமாய் வெட்கப்படுகிறான்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நேற்று அதைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது.

வாயைக் காட்டினோம். மேல்பக்கம் இடதில் இரட்டைக் கோரைப்பல்! அடுத்த வாரம் எடுக்கிறார்கள். மாமியாரிடம் கேட்டேன், கவ்வி உடனே விட்டுவிட்டதாம், உலுக்கவில்லை.

இன்று ஒன்பதாவது நாள். காலுறைக் கூடை வந்தாயிற்று. "விடு" பொம்மைக்கு நன்றாக வேலை செய்கிறது. தழும்பு அண்ணா சொன்ன ஐந்தாம் நாள் எங்களுக்கு ஆறாம் நாள் வந்தது, என் நைட்டி ஓரம் கிழிந்தது, வேறு சேதமில்லை.

ஆனால் நேற்று ஒன்று நடந்தது. சோபாவில் படுத்திருந்தான், இவர் பக்கத்தில் வந்து உட்காரப் போனார். உறுமினான். ஒரு மாதத்துக்குப் பிறகு முதல்முறை. இவர் அப்படியே நின்றுவிட்டார், நான் போட்ட சத்தத்தில் செய்தித்தாளை எடுக்கவில்லை. பின்வாங்கிவிட்டார். இப்போது கேட்கிறார்: உறுமினால் நாம் விலகுகிறோம் என்றால், உறுமச் சொல்லிக்கொடுக்கிறோம் என்றுதானே ஆகிறது? எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

பதில்: கட்டைவிரல்தழும்பு

தங்கச்சி, அந்த உறுமலுக்கு நான் இங்கே துள்ளிக் குதித்தேன், வீட்டில் என்னை ஒருமாதிரிப் பார்த்தார்கள். மூடி மறுபடியும் தடதடக்கிறது. ஒன்பது நாளில் வந்தது பெரிய விஷயம்.

உங்கள் வீட்டுக்காரர் கேட்டது நல்ல கேள்வி. ஆமாம், விலகினால் உறுமலுக்குப் பலன் கிடைக்கிறது. கிடைக்கட்டும். அந்த நொடியில் இருக்கிற இரண்டு வழியில் ஒன்று உறுமலுக்குப் பலன், இன்னொன்று பல்லுக்குப் பலன். முன்னதை எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதோடு விட்டுவிட்டால் அவர் சொல்வதுபோல் ஆகிவிடும். அதனால் விலகிய பிறகு "எங்கே, எதற்கு, எவ்வளவு தூரத்தில்" என்று குறித்துவைத்து, மறுநாள் அந்தக் காரணத்தையே கரைக்க வேண்டும். சோபாவா? அவர் தூரத்தில் நின்று தரையில் தீனி போட்டு "இறங்கு" என்று கூப்பிடட்டும். இறங்கி வந்து தின்றதும் "ஏறு" என்று திரும்ப ஏறவிடட்டும். ஒரு வாரம் போனால் அவர் வருவதைப் பார்த்ததும் தானாக இறங்கும். உறுமக் காரணம் இருக்காது. அதுவரை சோபாவில் அதைத் தள்ளவோ, கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுக்கவோ வேண்டாம்.

ஒரே நாளில் பல சங்கடம் சேர்ந்தால் சின்ன விஷயத்துக்கும் சீறும், அதையும் கவனியுங்கள். பல் எடுத்த நாளில் மயக்கமருந்து, வலி, புது இடம் எல்லாம் சேர்ந்திருக்கும். அன்றைக்குப் பயிற்சியே வேண்டாம், சும்மா தூங்கட்டும்.

பதில்: பின்வாசல்

இங்கே எல்லாரும் நம்பிக்கையாகப் பேசுகிறீர்கள், ஒரு மாற்றுக் குரலும் இருக்கட்டும். எங்கள் நாய்க்கு எல்லாம் செய்தோம். முக்கால்வாசி சரியானது. ஆனால் வீட்டுக்குச் சின்னக் குழந்தைகள் வந்தால் இன்றைக்கும், ஏழு வயதில், அது பின்னறையில்தான் இருக்கும். தாழ்ப்பாள் போட்டு, வாய்க்கூடும் பழக்கி வைத்திருக்கிறோம். "சரியாகிவிட்டது" என்று நினைத்து இரண்டாம் ஆண்டில் ஒருமுறை கதவைத் திறந்துவிட்டோம், உறவுக்காரக் குழந்தையின் கன்னத்துக்கு அரை அங்குலம் தள்ளிப் பல் நின்றது. அதற்குப் பிறகு திறக்கவில்லை. நாய் பின்னறையில் நிம்மதியாகத்தான் இருக்கிறது. எங்களுக்குத்தான் விருந்தாளி வரும்போது இரண்டு முறை தாழ்ப்பாளைப் பார்க்கிற வேலை.

பதில்: வாலுவின்அம்மா

எட்டு வாரம் கழித்து எழுதுகிறேன்.

இரட்டைப் பல்லை எடுத்து ஒரு வாரத்திலேயே மெல்லுகிற ஆவேசம் பாதியானது. ஆறரைப் பேய் வாரத்துக்கு ஒருநாள் வருகிறது, அன்றைக்கு மதியத் தூக்கம் கெட்டிருக்கும், எண்ணிப் பார்த்துவிட்டேன். மகள் மர விளையாட்டை வாலுவிடம் மட்டுமல்லாமல் நான் பாடம் படிக்கக் கூப்பிடும்போதும் விளையாடுகிறாள்.

கடைசிக் கடி ஐந்து வாரத்துக்கு முன்பு, இவருடைய முழங்கையில், தோல் கிழியவில்லை. இவர் அதை "பல் பட்டது" என்றுதான் சொல்கிறார், கடி என்று சொல்லவிடுவதில்லை. தினமும் காலையில் கழுத்துப்பட்டையைத் தொட்டுத் தீனி கொடுப்பது இவர்தான். கையை மோவாய்ப் பக்கம் கொண்டுபோனால் வாலு இப்போது கண்ணைச் சுருக்குவதில்லை. தலைக்கு மேலே போனால் இன்னும் சுருக்குகிறான்.

மாமியார் ஒரு மாதம் அவன் பக்கமே வரவில்லை. நாங்களும் வற்புறுத்தவில்லை. பிறகு ஒருநாள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே, அவனைப் பார்க்காமல், தள்ளி ஒரு துண்டை எறிந்தார். இப்போது அவர் உட்காருகிற நேரம் அவனுக்குத் தெரியும், நாற்காலிக்கு மூன்று அடி தள்ளிப் போய் உட்கார்ந்துவிடுகிறான். அவர் கையால் கொடுப்பதில்லை, இன்னமும் எறிகிறார். அந்த மூன்று அடியை நாங்கள் யாரும் குறைக்கப் பார்க்கவில்லை.

காலுறைக்கும் "விடு" வந்துவிட்டது, ஆறு முறையில் ஐந்து முறை. ஆறாவது முறைக்குத் தீனி டப்பாவைக் குலுக்குகிறேன். தீனிக்காகவே இப்போது கூடையின் மூடியைத் தள்ளித் திறந்து காலுறையைக் கொண்டுவந்து என் காலடியில் போட்டுவிட்டு வாயைப் பார்க்கிறான் என்பது தனிக் கதை. கூடைக்குக் கொக்கி வைத்த மூடி வாங்க வேண்டும்.

குளித்துவிட்டுத் துடைக்கத் துண்டைக் கையில் எடுத்தால் உறுமுகிறான். துண்டைக் கீழே போட்டுவிட்டுப் பின்வாங்கி, "குளியலறை, துண்டு, இரண்டு அடி" என்று குறித்துவைத்திருக்கிறேன். அதற்கு எங்கிருந்து தொடங்குவது என்று தனிக் கேள்வியாகப் போடுகிறேன், தழும்பு அண்ணா வந்து பார்க்க வேண்டும்.